நாலாவது ஜோடிச் செருப்பு

கொலை செய்யக் கற்றுக்கொள்ளும் முயற்சியில் என் இடது புருவத்தையும் மீசையில் பாதியையும் இழந்தவன் நான். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதை மறைக்கவும் முடியாது. அதற்குப் பிறகு நான் போன மாநாட்டில் எடுத்த எல்லாப் புகைப்படங்களிலும் என் முகத்தின் ஒரு பக்கம் எதற்கும் ஆச்சரியப்படாமல் இருக்கிறது.

துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பட்டாசு ஆலை முதலாளி சாக வேண்டும். கொலைகாரன் வைத்த நெருப்பு முதலாளியிடம் வந்துசேர எத்தனை வினாடி ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகம். சிவகாசியில் பிறந்து வளர்ந்தவன். தெருவில் இறங்கி யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது எழுத்தாளனுக்கு இழுக்கு என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கட்டுக் கம்பி மத்தாப்பை மொத்தமாகப் பற்றவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். நேரத்தைக் குறிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பிடித்திருந்த கையை முகத்தைக் காப்பாற்ற அனுப்ப வேண்டியிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மனைவி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்டினாள். பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் மீதி வைக்காமல் செய்வாள். அடுத்த வாளியையும் கொட்டிவிட்டுச் சொன்னாள்: "எதுக்கும் ஒரு படிப்பு வேணும்ல? போய் முறையாப் படிச்சுட்டு வந்து யாரை வேணா கொல்லுங்க. இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

குற்றக்கதை எழுத்தாளர்களுக்கு இரண்டு நாள் மாநாடு ஒன்று விருதுநகரில் நடக்கப்போகிறது என்ற அறிவிப்பை என் போனுக்கு அனுப்பியதும் அவள்தான். புருவத்தை மைப் பென்சிலால் வரைந்துவிட்டதும் அவள்தான்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். தினசரிக் காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் தங்கள் தங்கள் நேரத்தை விட்டு நகர்ந்துவிடாமல் காப்பது என் உத்தியோகம். மற்றபடி வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். படித்துச் சிரித்தவர்களைவிட, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தவர்கள் அதிகம். ஆனால் உலகத்தின் உயர்ந்த கொலைகளையெல்லாம் படித்திருக்கிறேன். பனி பெய்யும் ஊர்களில், பெரிய மாளிகைகளில், சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் மரியாதையாகச் செய்யப்படும் கொலைகள். பிணம் பெரும்பாலும் நூலக அறையில் கிடக்கும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிணம் கிடந்தால், வாடை தெருவுக்கு வந்த பிறகுதான் யாருக்கும் தெரியும்.

மாநாடு சூலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, வாடகை குறைவு. மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றில் சென்னையிலிருந்து வந்த பிரபல மர்மக்கதை எழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் ஓய்வுபெற்ற தடயவியல் அதிகாரி. அவர்கள் தலைக்கு மேல் 'கொல்வது எப்படி?' என்று ஒரு பேனர். அதற்கும் மேலே, யாரும் கழற்றாமல் விட்ட 'நல்வரவு'.

பிரபல எழுத்தாளர் முப்பது வருடமாக வாரம் தவறாமல் ஆட்களைக் கொன்று வருகிறவர். உட்காரும் முன் நாற்காலியில் ஊர்ந்த எறும்பை ஊதித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "வன்முறை என்பது ஒரு இலக்கணம்" என்று தொடங்கினார். அனைவரும் எழுதிக்கொண்டோம்.

கழுத்தை நெரிப்பதைச் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்த பாவத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நெரிக்க முன்வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நாற்பது வருடம் என்னைப் போன்ற முகங்களைப் பொறுத்துக்கொண்டவர் என்பது அவர் துண்டை இழுத்த இழுப்பில் தெரிந்தது. என் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. "கவனியுங்கள், பலியாகிறவர் கையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள்" என்றது ஒரு குரல், எங்கோ தூரத்தில். நான் கையை எங்கே வைத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. மண்டபத்தில் இருந்த எல்லார் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது.

பிறகு தடயவியல் அதிகாரி திரையில் படங்கள் காட்டினார். தூக்கில் தொங்கியவர், கிணற்றில் மூன்று நாள் ஊறியவர், அரிவாளால் பதினேழு இடத்தில் வெட்டுப்பட்டவர். "இதில் எத்தனாவது வெட்டில் உயிர் போயிருக்கும்?" என்று கேட்டார். ஆளுக்கொரு எண் சொன்னோம். சரியாகச் சொன்னவருக்குப் பேனா பரிசு. அந்தப் பேனாவை வாங்கியவன் நான். உடனே சாப்பாடு. ரசத்தில் தக்காளி மிதந்தது. ஒருவரும் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் எழுதிய அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். நான் வாசித்தேன். மாலை நான்கு மணி. முதலாளி தன் காலணி 'டக் டக்' என்று ஒலிக்க வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழைகிறார். தனியாக நிற்கிறார். சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுக்கிறார். மறுமுனையில் மௌனம். அடுத்த கணம் அறையே வெடித்துச் சிதறுகிறது. முதலாளியோடு பக்கத்து அறைகளில் பதினொரு பேர் சாகிறார்கள். பதினொரு பேர் எதற்கு என்றால், அத்தியாய முடிவுக்கு ஒரு கனம் வேண்டுமே.

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். மருந்து ரூமுக்குள்ள போன் எப்படி அடிக்கும்?"

"சட்டைப் பையில் இருக்கிறதே" என்றேன்.

"பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேக்கேன். போனைக் கேட்லயே வாங்கிக் கூடையில போட்ருவாக. மொதலாளியா இருந்தாலும் போர்மேன் உள்ள விட மாட்டாரு. அவருக்கும் உசுருதானே?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"அப்புறம், நாலு மணிக்கு மருந்து ரூம்ல யாருக்கு என்ன வேலை? கலக்குறதெல்லாம் காலைலயே முடிஞ்சுரும். இன்னொண்ணுண்ணே, 'டக் டக்'குன்னு ஷூ போட்டு நடந்து வாறாருன்னு எழுதியிருக்கீக. நாங்க செருப்பையே வெளிய கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோடதான் போவோம். அந்த ரூமுக்குள்ள 'டக் டக்'குன்னு நடந்தாருன்னா, அவரைக் கொல்லத் தனியா ஆள் எதுக்கு? அவரே செத்துருவாரு."

பிரபல எழுத்தாளர் என்னைக் காப்பாற்ற முன்வந்தார். "வாசகனுக்குத் தெரியாதவரை தவறு தவறல்ல, அம்மா."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்" என்றார் அந்தப் பெண்.

முப்பத்தைந்து வயதிருக்கும். சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தம். பதினாறு வயதிலிருந்து பட்டாசு வேலை. வெடிக்குத் திரி வைப்பதில் கெட்டிக்காரர் என்று தானே சொன்னார். சீசன் நேரத்தில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மர்மக்கதை கற்க வந்திருந்தார். போனிலேயே தொடர்கதை எழுதுகிறவர். ஒரு அத்தியாயம் போட்டால் விடிவதற்குள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டினார். நான் பேச்சை மாற்றினேன். பேர் சொல்ல எனக்கு உரிமையில்லை; அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அவரை நான் அறிந்தது கடைசியில் ஒரு தங்கைக்கு அக்காவாகத்தான்.

டீ வேளையில் கேட்டேன். "சரிம்மா, நீங்களே சொல்லுங்க. பட்டாசு ஆலைக்குள்ள ஒருத்தரை எப்படிக் கொல்றது?"

டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "அவசரப்படுத்துனாப் போதும்ணே. 'ஆர்டர் நிக்குது, சீக்கிரம், சீக்கிரம்'னு வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அது கொலையாகாதே."

"ஆகாதுண்ணே. அதான் கதையில எழுத வர மாட்டேங்குது."

தங்கையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். இருபத்தாறு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆலையில் வேலை. வான வெடிக்கு மருந்து அடைக்கிற அறை. அக்கா எழுதுகிற தொடர்கதையில் கொலைகாரன் யார் என்று நான்காம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாளாம். "அவளுக்குத் தெரியாம ஒருத்தனை ஒளிச்சு வச்சு எழுதணும்ணே. அதுக்குத்தான் இங்க வந்தேன்" என்றார்.

மறுநாள் காலை வகுப்பு தடயங்களைப் பற்றியது. பிரபல எழுத்தாளர் கரும்பலகையில் எழுதினார்: பொருள்கள் பொய் சொல்வதில்லை. மனிதன் பொய் சொல்வான். அவன் விட்டுச்சென்ற பொருள் உண்மையைச் சொல்லும். எனக்கு மெய்சிலிர்த்தது. பரிசுப் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

பத்தரை மணிக்கு மேல் இருக்கும். மேசைகளின் மேல் இருந்த போன்கள் அதிர ஆரம்பித்தன. எல்லாம் இல்லை. சென்னை, மதுரைக்காரர்களின் போன்கள் சும்மா கிடந்தன. எங்கள் பக்கத்து ஆட்களுடையது மட்டும், ஒன்று, நாலு, எட்டு. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் "என்ன?" என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார்கள்.

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம்" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். ஆலையின் பேரைக் கேட்டார். சொன்னார்கள். "அண்ணே, வண்டி இருக்கா?" என்றார் என்னிடம். மண்டபத்தில் நாற்பது பேர் இருக்க என்னைக் கேட்டதற்குக் காரணம் என் முகத்தில் தெரிந்த துணிவு என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவ்வளவுதான்.

சாத்தூர் வழியாகப் போனோம். என் ஸ்கூட்டர் அதன் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. பின்னால் உட்கார்ந்து அக்கா தங்கையின் போனுக்கு அடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் தங்கையின் பேரைச் சொல்லி, "எடு, எடு புள்ள" என்றார். அந்தப் பேர் என் காதில் ஐம்பது முறையாவது விழுந்திருக்கும்.

"ரிங் போகுதுல்லம்மா? அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

"போன் கேட்லல்லண்ணே இருக்கும்" என்றார். நேற்று மண்டபமே சிரிக்கச் சொன்ன அதே விஷயம். இப்போது காற்றில் கத்திச் சொன்னார்.

ஆலைக்கு ஒரு மைல் முன்பே கந்தக வாடை தொண்டையைப் பிடித்தது. காய்ந்த காட்டுக்கு நடுவில் கம்பி வேலி, கேட், காவலாளி அறை. அறை வாசலில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடை. அதில் முப்பது நாற்பது போன்கள். அத்தனையும் அடித்துக்கொண்டிருந்தன. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, ஒரு குழந்தையின் சிரிப்பு. உள்ளேயிருந்து உயிரோடு ஓடிவந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடையில் கையை விட்டுத் தேடி எடுத்துப் போனார்கள். காவலாளி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். மிச்சத்தில் ஒன்றைக்கூட அவர் எடுத்துப் பேசவில்லை. என்னவென்று பேசுவார்?

அக்கா தன் போனை அழுத்தினார். கூடைக்குள் ஒரு திரை வெளிச்சம் போட்டது. அதில் 'அக்கா' என்று வந்தது.

அதைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

நானும் போனேன். ஓர் அறை இருந்த இடத்தில் அறை இல்லை. சுவர்கள் வெளிப்பக்கமாகப் படுத்துக் கிடந்தன. பக்கத்து அறையின் கூரை எங்கோ போயிருந்தது. கருவேல மரத்தில் ஒரு சட்டைக் கை தொங்கியது. சட்டை மட்டும்தான் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் நாவலில் பதினொரு பேரை ஒரே வாக்கியத்தில் சிதறடித்திருந்தேன். சிதறுவது என்பது வாக்கியம் முடிந்த பிறகும் மரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேரக்குழந்தையைத் தூக்குவது போல ஒருவர் கையில் எதையோ துணி சுற்றி ஏந்தி வந்தார். அது அளவில் மிகச் சிறியதாக இருந்தது. வெள்ளரிப் பிஞ்சு கருகிய மாதிரி ஒரு வாடை. இன்றுவரை சமையலறையில் எதுவும் தீய்ந்தால் நான் வெளியே போய்விடுகிறேன்.

அப்போதுதான் என் கழுத்தைக் கவனித்தார்கள். மாநாட்டு அடையாள அட்டை, நீல ரிப்பனில், புகைப்படத்தோடு. கக்கத்தில் மாநாட்டில் கொடுத்த பைல். சட்டைப் பையில் பேனா.

"பைலோட வந்துட்டான் பாரு! கம்பெனிக்காரன்டா!"

"ஏலே, மேனேஜரு ஓடிட்டான், கணக்குப்பிள்ளைய அனுப்பியிருக்கான்!"

முதல் அடி ஒரு அம்மாவின் கையிலிருந்த எவர்சில்வர் தூக்குவாளியால் விழுந்தது. உள்ளே சாப்பாடு இருந்தது, மகனுக்குக் கொண்டுவந்தது. "எம்புள்ள உள்ள கெடக்கான், நீ கணக்கு எழுதவாலே வந்தே?" காது மேல் பட்டது. இரண்டாவது யார் என்று தெரியாது. வாயில். மூன்றாவது விழும்போது நான் கீழே இருந்தேன். ரிப்பனைப் பிடித்து இழுத்தார்கள். நேற்றுத் துண்டு செய்ததை இன்று ரிப்பன் செய்தது. என் கதைகளில் குத்து வாங்குகிறவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி "யார் நீ?" என்று கேட்பான். உண்மையில் குத்து வாங்குகிறவன் "ம்" என்கிறான். நான் மூன்று நான்கு முறை "ம்" என்றேன். பல் ஒன்று போயிற்று. அவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. அடிக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை; பைலோடு நான் இருந்தேன்.

ஒரு போலீஸ்காரர் என்னை இழுத்து வெளியே போட்டார். வயது முப்பதுக்குள். பேனா மூடியைத் திறக்கப் பார்த்தார், பேனா கீழே விழுந்தது. சற்று முன்பு அவரும் எதையோ தூக்கியிருக்கிறார். "சார், எழுத வருமா? என்னால பேனா பிடிக்க முடியல. மேலேர்ந்து லிஸ்ட் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேரைச் சொல்றாங்க, எழுதுங்க" என்றார்.

மாநாட்டு நோட்டில் ஒரு புதிய பக்கம் திருப்பினேன். மூன்று உடல்கள் கிடைத்திருந்தன. அடையாளம் சொன்னார்கள். அந்த அறையின் போர்மேன், ஒரு ஆண், ஒரு பெண். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மூன்று பேரையும் எழுதினேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். நாசமான அறைக்கு இருபதடி தள்ளி ஒரு வேப்பமரம். அதன் அடியில் செருப்புகள். அறைக்கு வெளியே கழற்றிப் போடுகிற வழக்கம். அந்த அறைக்காரர்களுடையது ஒரு வரிசையாகக் கிடந்தது. அடிமரத்துக்குப் பின்னால் கிடந்ததாலோ என்னவோ, வெடித்ததில் அவை அசையவில்லை. எண்ணினேன். நான்கு ஜோடி. நாலாவது ஜோடி பெண் செருப்பு, சிறிய அளவு.

பொருள்கள் பொய் சொல்வதில்லை.

"அந்த ரூம்ல நாலாவது ஆள் யாரு?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்ன பேர், ஐம்பது முறை நான் கேட்ட பேர்.

"சார்" என்றேன் போலீஸ்காரரிடம். என் குரல் மாறிவிட்டதை நானே கவனித்தேன். வாயில் ரத்தத்தோடு, பென்சில் புருவம் கலைந்து, நான் நிதானமாகப் பேசினேன். "நாலு பேர். நாலு ஜோடி செருப்பு இங்கே இருக்கிறது. அந்தப் பெண்ணின் போனும் கேட்டில் எடுக்காமல் கிடக்கிறது. உயிரோடு வெளியே வந்திருந்தால் செருப்பை மாட்டியிருப்பார்; போனை எடுத்திருப்பார். நாலாவது உடல் இடிபாட்டுக்குள் இருக்கிறது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் யாரு? டிபார்ட்மெண்டா?"

"தடயவியல் பயிற்சி எடுத்திருக்கேன்" என்றேன். நேற்று ஒரு மணி நேரம். பேனா பரிசு.

நாலாவது பேரையும் எழுதினேன். அவர் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

ஐந்து நிமிடம் இருக்காது. அக்கா வந்தார். முட்டி வரை சாம்பல். மூன்று உடல்களையும் தானே துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "காலைப் பாத்தேண்ணே. மெட்டியப் பாத்தேன். மூணுலயும் அவ இல்ல."

நான் பைலைக் கீழே வைத்தேன். மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். செருப்பைக் காட்டினேன். போனைச் சொன்னேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னதாக நினைவு.

அக்கா அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு முன்பும் பின்பும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நெருப்புக்கு ஓடுறவ, நின்னு செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டா ஓடுவா? போனை வாங்கிக்கிட்டு வாரேன்னு கேட்டு வாசலுக்கா வருவா? எந்தக் கழுதையாவது அப்படி ஓடுமா?"

சுற்றிலும் நின்ற எல்லாருடைய காலையும் அப்போதுதான் பார்த்தேன். உயிரோடு வெளியே வந்த அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். மற்ற அறைகளின் முன்னால் கிடந்த செருப்புகளும் அப்படியே வரிசையில் கிடந்தன. ஐம்பது ஜோடிக்கு மேல். நான் என்னுடைய நாலு ஜோடியை மட்டும் எண்ணியிருந்தேன்.

அக்கா புகையைப் பார்த்தார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துப் புகையைக் கிழக்கே தள்ளியது. "காத்துக்கு எதுத்தாப்லதான் ஓடணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, மேற்கு வேலியின் கிழிந்த இடத்தில் குனிந்து கருவேலங் காட்டுக்குள் நுழைந்தார்.

நான் போலீஸ்காரரிடம் ஓடினேன். "சார், அந்த நாலாவது பேரை அடிச்சிருங்க. அது நிச்சயமில்லை."

"அனுப்பியாச்சே சார்" என்றார்.

அக்காவின் பின்னால் போனேன். முள் எல்லாப் பக்கமும் கிழித்தது. சரளைக் கல்லில் அங்கங்கே ரத்தம், காலடி அளவில். அக்கா பேர் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். பாதி வழியில் அவர் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். டிவியில் தங்கை பேர் ஓடுகிறதாம். பார்த்த அம்மா நிலைப்படியில் தலையை மோதிக்கொண்டதில் நெற்றி பிளந்து ரத்தம் நிற்கவில்லையாம்.

"எவன் சொன்னான் டிவிக்கு?" என்று அக்கா போனில் அலறினார். "எவன் சொன்னான்? நான் இங்கன தேடிக்கிட்டு இருக்கேன், எவன் அங்கன சொன்னான்?"

அவருக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாய் வீங்கியிருந்தது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

அரை மைல் தள்ளி ஒரு பம்புசெட்டு. தொட்டித் தண்ணீருக்குள் கழுத்து வரை உட்கார்ந்திருந்தாள் தங்கை. வேலைக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேல் போடுகிற ஆண்பிள்ளைச் சட்டை முதுகில் தோலோடு ஒட்டியிருந்தது. தலைமுடி ஒரு பக்கம் இல்லை. உள்ளங்கால் இரண்டும் முள்ளில் கிழிந்து, தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பற்கள் தாளம் போட்டன.

"புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. நான் வாசப்பக்கம் இருந்தேன். திரும்பியே பாக்கல. போர்மேன் அண்ணன் 'ஓடு'ன்னாரு. அம்புட்டுத்தான்." பிறகு கேட்டாள்: "மத்தவுக வந்துட்டாகளா?"

அக்கா சட்டையை இழுக்காமல், தொடாமல், தொட்டி விளிம்பில் முகத்தை வைத்து அழுதார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, தங்கையின் வாய்ப் பக்கம் பிடித்தார். "நாந்தாம்மா பேசுதேன்" என்றாள். மறுபக்கம் அம்மா நம்பவில்லை. டிவியில் பேர் போட்டுவிட்டார்கள், நீ யார் என்று கேட்டாராம்.

சாயங்காலம் மண்டபத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறப்பாகப் பயின்றதாகப் போட்டிருந்தது. பிரபல எழுத்தாளர் போனில் பேசினார். "உங்களுக்கு நல்ல விஷயம் கிடைத்திருக்கும், சூட்டோடு எழுதிவிடுங்கள்" என்றார். சூட்டோடு என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வழக்கில் முதல் குற்றவாளியாகப் போர்மேன் பேரைப் போட்டார்கள். அவரிடம் யாரும் விசாரிக்க முடியாது. நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்தேன். ஆறாவது அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீக்காயப் பிரிவில் தங்கை குப்புறப் படுத்திருந்தாள், கொசுவலைக்குள். அக்கா பக்கத்தில். நெற்றியில் தையலோடு அம்மா சுவரோரம் ஒரு துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அக்கா சொன்னார். என்னிடம் அதற்கு மேல் அவர் பேசவில்லை. பட்டியல் யார் கையெழுத்து என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். வலையை விலக்கிக் குனிந்து, அந்தப் பேரை எழுதியது நான்தான் என்றேன். யாரும் சொல்லாமல், தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல நானே எழுதினேன் என்றேன். அம்மாவின் நெற்றிக் காயம் என் கணக்கில் சேரும் என்றேன். மன்னிப்பு கேட்கக்கூட அருகதையில்லை, ஆனாலும் கேட்கிறேன் என்றேன். குரல் உடைந்தது, உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்ததையும் கவனித்தேன். தலையைக் குனிந்து நின்றேன்.

தங்கை கன்னத்தைத் தலையணையில் திருப்பி, என்னைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்ணே" என்றாள். "அந்த வலைய இழுத்து விடுங்க. ஈ வருது."